கூடாரம் அடிக்க ஓர் இடம்



வீடு கட்ட மனை தேடுகிறவர்கள் மாதக்கணக்கில் அலைவார்கள். மண்ணைத் தோண்டிப் பார்ப்பார்கள், நீரோட்டம் விசாரிப்பார்கள், வாஸ்து கேட்பார்கள். வழிப்பயணத்தில் ஓர் இரவு தங்கக் கூடாரம் அடிப்பவர்களோ, வண்டியை நிறுத்திய இடத்திலேயே பத்து நிமிடத்தில் முடிவு செய்துவிடுவார்கள். மனையில் பிழை நேர்ந்தால் சுவர் வெடிக்கும். கூடாரம் அடித்த இடத்தில் பிழை நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை வேப்பந்தட்டைக்கு மேற்கே ஆட்டுக்கிடை போட்டிருந்த ஒரு பெரியவரிடம்தான் நான் கற்றுக்கொண்டேன்.

பெரம்பலூரிலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையில் இருப்பது வேப்பந்தட்டை. மேற்கே பச்சைமலை நீண்டு கிடக்கிறது. மலையடியில் சரளையும் செம்மண்ணும். அப்பால் கரிசல் காடு. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைகின்ற பூமி. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாதத்தில் நாங்கள் எண்மர் அங்கே சென்றோம். எங்களிடம் இரண்டு கூடாரங்கள் இருந்தன. படுக்கையும் அடுப்பும் பொருத்திய வேன் ஒன்றும் இருந்தது. இரஞ்சன்குடிக் கோட்டையைச் சுற்றிப் பார்த்தோம். 1751-ஆம் ஆண்டில் சந்தா சாகிபின் படையும், முகம்மது அலிக்குத் துணையாக வந்த ஆங்கிலப் படையும் அந்த வட்டாரத்தில்தான் பாடி இறங்கிப் பொருதன. வாலிகண்டபுரம் கோயிலையும் தரிசித்துவிட்டு மலையடிவாரத்தை அடைந்தபோது மாலை ஐந்து மணி இருக்கும்.

பச்சைமலையிலிருந்து இறங்கும் ஓடை ஒன்றின் ஓரத்தில் அருமையான மணல் திட்டு கண்ணில் பட்டது. பாய் விரித்தாற்போன்ற சமதளம், கல் இல்லை, முள் இல்லை, இருபுறமும் நிழல். ஓடையில் கணுக்கால் நனையும் அளவு நீர்தான் ஓடிற்று. “இதைவிட வேறு என்ன வேண்டும்?” என்று நாங்கள் மூட்டைகளை இறக்கத் தொடங்கினோம். அப்போதுதான் அந்தப் பெரியவர் வந்தார். தோளில் கம்பளி, கையில் தொரட்டிக் கோல். எங்களைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “தம்பி, இந்த மணலை இங்கே யாரு கொண்டாந்து கொட்டுனது?” என்று கேட்டார்.

எங்களில் ஒருவருக்கும் விடை தோன்றவில்லை. அவரே சொன்னார்: “மலை கொட்டுச்சு. நேத்து கொட்டுச்சு, நாளைக்கும் கொட்டும். அதோ மேலே பாருங்க.” எங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தது. மலை முகட்டில் மட்டும் மேகம் கறுத்திருந்தது.

அவருடைய கேள்வியைப் பின்னாளில் நான் நூல்களோடு வைத்து எண்ணிப் பார்த்ததுண்டு. ஸ்பெயின் நாட்டில், பிரனீசு மலையடியில், பியெஸ்காஸ் என்னும் சிற்றூர் இருக்கிறது. அதன் அருகே அராஸ் என்ற ஓடை மலையைவிட்டு இறங்கும் வாயிலில் ஒரு முகாம் மைதானம் அமைத்திருந்தார்கள். கூடாரக்காரர்களும் இழுவை வண்டி வீடுகளோடு வந்தவர்களும் கோடை விடுமுறையில் அங்கே நிறைந்திருந்தனர். 1996 ஆகஸ்டு 7-ஆம் நாள் மாலை மலைமேல் பெருமழை கொட்டியது. ஓடையின் குறுக்கே கட்டியிருந்த தடுப்பணைகள் பல உடைந்தன. நீரும் சேறும் பாறையும் சேர்ந்து வந்து முகாமை வாரிக்கொண்டு போயின. 87 பேர் மாண்டனர்.

அந்த மைதானம் ஏன் அவ்வளவு சமமாகவும் பசுமையாகவும் இருந்தது? மலையிலிருந்து விரைந்து வரும் ஓடை, சமவெளியைத் தொட்டதும் வேகம் இழக்கிறது. சுமந்து வந்த கல்லையும் மணலையும் விசிறி விரித்தாற்போல் பரப்பிவிடுகிறது. பல நூற்றாண்டுகளாக வெள்ளம் இட்ட படுக்கை அது. எந்தச் சமதளம் நம் கண்ணைக் கவர்கிறதோ, அதுவே வெள்ளம் வந்து போன தடம்! கிடைக்காரப் பெரியவர் ஒரே கேள்வியில் அடக்கியதைப் புவியியல் நூல்கள் ஓர் அத்தியாயம் எழுதி விளக்குகின்றன.

வேறு வகையான ஆபத்தும் உண்டு. 2014 ஜூன் 8-ஆம் நாள் இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றின் பாறைகளில் இறங்கி நின்ற ஐதராபாத்துக் கல்லூரி மாணவர்கள், மேலே லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட நீரில் அகப்பட்டனர். 24 மாணவர்கள் உயிரிழந்தனர். அங்கே மழையே இல்லை. ஆதலின் ஆற்றங்கரையில் நிற்கும்போது, நம் தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் பார்ப்பது போதாது; ஆற்றின் தலைமாட்டில் என்ன இருக்கிறதென்று கேட்டறிய வேண்டும். வேப்பந்தட்டை வட்டத்திலேயே கல்லாற்றின் குறுக்கே விசுவக்குடியில் நீர்த்தேக்கம் இருக்கிறதல்லவா?

பெரியவர் எங்களை ஓடையை விட்டு ஏறக்குறைய இருநூறு அடி மேட்டுக்கு அழைத்துச் சென்றார். சரளை நிலம், படுத்தால் முதுகில் உறுத்தும். எங்கள் முகம் சுருங்கியதைக் கண்டு அவர் சிரித்தார். வேனைப் பக்கத்துக் கரிசல் வயலில் நிறுத்தலாமா என்று கேட்டதற்கு, வாய்திறவாமல் தலையை மட்டும் அசைத்தார். கரிசல் மண்ணின் இயல்பை அவ்வூர்ச் சிறுவரும் அறிவர். காய்ந்திருக்கும்போது இரும்பாக நிற்கும், வெடிப்பு விடும். ஒரு மழை பெய்தால் களியாகிச் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். கூடார முளையும் அதில் நிற்காது. கூடாரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடலாம். டன் கணக்கில் எடையுள்ள வண்டி வீட்டை அவ்வாறு தூக்க முடியுமா? ஆகையால் வண்டியோடு போகிறவர்கள் படுக்கும் இடத்தைவிட வெளியேறும் வழியை முதலில் பார்க்க வேண்டும். கெட்டித் தரை, தாழ்ந்த கிளையோ மின்கம்பியோ இல்லாத மேற்புறம், முகப்பு சாலையை நோக்கிய நிறுத்தம். இரவில் புறப்பட நேர்ந்தால் திருப்புவதற்கு நேரம் இராது.

மரத்தடியைப் பற்றியும் ஒரு சொல். பகலில் வேம்பின் நிழல் வரந்தான். இரவில் காற்றடிக்கும்போது பட்டுப்போன கிளை முறிந்து விழும். இடி மின்னலில் தனிமரம் எமனாகும். ஏரிக்கரையின் கீழ்ப்புறமும் வேண்டாம், நீர்ப்பிடிப்பின் உட்புறமும் வேண்டாம். அறுவடையான சோளத்தட்டை காய்ந்து நிற்கும் காட்டோரத்தில் அடுப்பு மூட்டுவது மடமை. நெருப்பு மேட்டை நோக்கி விரைந்து ஏறும் தன்மையது. 2018 மார்ச் 11-ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை உங்களில் பலர் அறிவீர்கள். காட்டுக்குள் தங்க வனத்துறையின் இசைவு வேண்டும். பட்டா நிலமானால் உடையவரின் இசைவு வேண்டும். புறம்போக்கு என்று நாம் எண்ணும் இடம் ஊராரின் சாமி தோப்பாகவும் இருக்கலாம். கேட்டுவிட்டு இறங்கினால் குடிநீரும் கிடைக்கும். பாம்பு நடமாடும் புதர் எது என்ற செய்தியும் இலவசமாகக் கிடைக்கும்.

நம் முன்னோர் இத்தொல்லைகளைக் குறைக்கவே சாலைதோறும் சத்திரமும் சாவடியும் கிணறும் சுமைதாங்கியும் அமைத்தனர். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி 1802-இல் ஒரத்தநாட்டில் கட்டிய முத்தம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. அண்டை மாநிலமான கேரளம் 2021-இல் வண்டி வீட்டுச் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. அடுத்த ஆண்டில் வாகமனில் அத்தகைய வண்டிகளுக்கான பூங்கா திறந்தார்கள். சமன் செய்த தரை, தண்ணீர்க் குழாய், மின் இணைப்பு, கழிவுநீர்க்கு வழி என எல்லாம் அமைந்த இடத்தில் நமக்கு வேலை குறைவு. ஆயினும் பியெஸ்காஸும் அவ்வாறு எல்லாம் அமைந்த இடந்தான் என்பதை நான் மறப்பதில்லை.

அன்றிரவு பதினொரு மணி அளவில் சரளைப் படுக்கையில் புரண்டுகொண்டிருந்தேன். எங்கள் பக்கம் தூறல்கூட விழவில்லை. கீழே ஓடைப் பக்கமிருந்து, பாரவண்டிகள் வரிசையாகப் பாலம் கடப்பதுபோல் ஓர் ஒலி எழுந்தது. கிடையில் நாய் இரண்டு முறை குரைத்து அடங்கியது. யாரும் பேசவில்லை. கைவிளக்கை அடித்துப் பார்த்தோம். ஒளி எட்டிய தொலைவில் ஒன்றும் தெரியவில்லை.

விடிந்ததும் இறங்கிச் சென்றோம். ஓடையில் மீண்டும் கணுக்கால் அளவு நீரே ஓடிற்று. நாங்கள் மூட்டை இறக்கிய திட்டு இருந்த இடத்தில் புதுமணல் பரந்து கிடந்தது. பக்கத்துப் புங்க மரத்தில், என் இடுப்பளவு உயரத்தில், சருகும் வேரும் மாலைபோல் சுற்றியிருந்தன. பெரியவரிடம் சொல்லப் போனோம். அவர் கிடையைப் பெயர்த்துக்கொண்டு அடுத்த வயலுக்குப் புறப்பட்டுவிட்டிருந்தார். பட்டி இருந்த இடத்தில் ஆட்டுப் புழுக்கைதான் பரவிக் கிடந்தது.