பில் போடும் முன் ஒரு கேள்வி



2011-இல் தொடங்கி அரசு கொடுத்த மிக்ஸி நம்மில் சிலர் வீட்டில் இன்னும் ஓடுது. கப்ளர் தேஞ்சா மாத்திக்கிறோம். செல்போன் அப்படியா? பேட்டரியையே உள்ளே ஒட்டி வச்சிடுறாங்க. வெள்ளிமலையிலிருந்து பஸ் ஏறி கள்ளக்குறிச்சி வந்தால், "புதுசு வாங்கிடுங்கம்மா" என்கிறார்கள். பழைய போனுக்குக் குழுவில் வாங்கிய கடனே முடிஞ்சிருக்காது!

மத்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று இணையதளம் தொடங்கியது. போனைச் சரிசெய்வது எவ்வளவு சுலபம் என்று மதிப்பெண் போட வேண்டும் என 2025-இல் அரசுக் குழு பரிந்துரைத்தது. பிரான்சில் 2021-இலேயே அந்த மதிப்பெண்ணைக் கட்டாயமாக்கினார்கள்.

நாம பில் போடும் முன்னாடியே, "இதுக்கு உதிரிபாகம் எங்கே கிடைக்கும்?" என்று கேட்கணும். சர்வீஸ் தர இழுத்தடிச்சா 1915-க்குப் போன் போடுங்க, தமிழிலேயே பேசலாம். பில்லை மட்டும் தொலைச்சிடாதீங்க.