அவரைச் சபிக்க வேண்டாம்

 

நபி (ஸல்) அவர்கள் காலத்தில் அப்துல்லாஹ் என்றொருவர், குடித்ததற்காகத் தண்டிக்கப்பட்டும் மறுபடி குடித்துப் பிடிபட்டார். அங்கிருந்த ஒருவர் அவரைச் சபித்தார். அவர் அல்லாஹ்வையும் ரஸூலையும் நேசிப்பவர் என்று சொல்லி நபியவர்கள் அதைத் தடுத்தார்கள். புகாரியில் வரும் செய்தி இது. குடி ஹராம்தான், தண்டனையும் நடந்தது. சபிக்க மட்டும் அனுமதியில்லை.

நம் பள்ளியில் என்ன நடந்தது? சிகிச்சை முடித்து வந்த தம்பி ஒருவர் ஜும்ஆவுக்கு ஸஃபில் நின்றார். பக்கத்தில் நின்றவர் நகர்ந்துகொண்டார். பார்த்த நாங்களும் வாய் திறக்கவில்லை. அடுத்த வெள்ளி அவர் வரவில்லை.

ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். 14446 என்ற இலவச எண்ணிலும் வழி கேட்கலாம்.

இப்போது குற்றாலத்தில் சாரல். பழைய கூட்டாளிகள் அருவிக்குக் கூப்பிடும் நேரம். அவர்களுக்கு முன்னால் நாம் கூப்பிடுவோமே! ஐந்தருவியில் குளித்துவிட்டு லுஹருக்குத் திரும்பிவிடலாம். கூட வருகிறவர்கள் அலுவலகத்தில் சொல்லுங்கள்; யாருடைய பெயரும் வெளியே போகாது.

அந்தத் தம்பியிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். வரும் வெள்ளி எங்கள் பக்கத்தில் நிற்பார், இன்ஷா அல்லாஹ்.