அளவறிந்து வைத்த மூட்டு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் புலவர்களும் பேராசிரியர்களும் பேசிய மேடை இது. மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ரயில்வே பார்சல் ஆபீஸில் எடையும் கட்டணமும் எழுதிக் காலம் கழிக்கும் குமாஸ்தா நான். இலக்கியம் பேச எனக்குத் தகுதி இல்லை. என் தாயாரின் இடுப்பு மூட்டைப் பற்றிப் பேச மட்டும் சிறிது தகுதி உண்டு. முதியோர் இல்லாத வீடு நம் காலனியில் அருமை. ஆகையால் இது நாளை உங்கள் வீட்டுச் செய்தியாகவும் ஆகலாம்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் அம்மாவின் வலது இடுப்பு மூட்டு தேய்ந்து, இரவெல்லாம் உறங்காமல் துன்புற்றார்கள். ஒரு மருத்துவமனையில் மாற்று மூட்டு வைத்தார்கள். வலி பறந்தது. ஆனால் எழுந்து நடந்தபோது வலக்கால் இரண்டு சென்டிமீட்டர் நீண்டிருந்தது. கேட்டதற்கு, "பழகிப்போகும்" என்று ஒரே சொல்லில் விடை வந்தது. செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து இடக்காற் செருப்புக்கு அடியில் ஒரு கட்டை ஒட்டினோம். "வலி போயிற்றே அப்பா, அது போதாதா?" என்று அம்மா என்னைத் தேற்றினார்கள். ஆனால் வீட்டுக்குள் வெறுங்காலோடு சாய்ந்து சாய்ந்து அவர்கள் நடப்பதைக் காணும்போதெல்லாம், முன்கூட்டியே ஒரு கேள்விகூடக் கேட்காமல் கையொப்பமிட்டேனே என்று என் மனம் உறுத்தும்.

அந்த உறுத்தலே என்னைக் கற்கத் தூண்டியது. கற்றதைச் சுருக்கிச் சொல்கிறேன்.

இடுப்பு மூட்டு ஒரு கிண்ணமும் அதில் உருளும் பந்தும் ஆகும். கிண்ணம் இடுப்பெலும்பில் இருக்கிறது. பந்து தொடை எலும்பின் தலை. அந்தத் தலை தண்டின் மேல் நேராக அமர்ந்திருக்கவில்லை. ஒரு கழுத்தின் வழியே உட்புறமாகச் சாய்ந்து நிற்கிறது. பந்தின் நடுவுக்கும் தண்டின் நடுக்கோட்டுக்கும் இடையே பெரியவர்களுக்குச் சுமார் 4 சென்டிமீட்டர் இடைவெளி உண்டு. படைப்பில் இது வீணாக வைத்த இடைவெளி அன்று.

வெள்ளிக்கோலைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கோலின் நீண்ட பக்கத்தில் தொங்கும் சிறு குண்டு, குட்டைப் பக்கத்தில் தொங்கும் பெருஞ்சுமையைச் சமன் செய்துவிடுகிறது. ஒற்றைக் காலில் நிற்கும்போது நம் இடுப்பும் அத்தகைய கோலே. உடலின் பாரம் உட்பக்கம் நீண்ட முனையில் இறங்குகிறது. இடுப்பின் வெளிப்புறத் தசை குட்டை முனையைப் பற்றி இழுத்து உடலைச் சாயாமல் காக்கிறது. குட்டை முனையில் இழுப்பதால் அதற்கு இரட்டிப்பு வேலை. பாரமும் இழுப்பும் சேர்ந்து, ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று மடங்கு சுமை அந்தப் பந்தின் மீது விழுகிறது.

மாற்று மூட்டில் அந்தப் பக்க இடைவெளி குறைந்தால் குட்டை முனை மேலும் குட்டையாகும். தசை தளரும், நடை சாயும், பந்து கிண்ணத்தை விட்டு நழுவவும் கூடும். இடைவெளி மிகுந்தால் தொடையின் வெளிப்புறம் வலிக்கும். கால் மிக நீண்டால் முதுகு நோகும், நரம்பும் இழுபடலாம். ஆகவே நீளம், பக்க இடைவெளி, பந்து சுழலும் நடுப்புள்ளி ஆகிய மூன்றும் அவரவர் உடலுக்கு இயல்பான அளவில் திரும்ப வேண்டும்.

இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் சார்ன்லி என்பவரே இக்கால மாற்று மூட்டுக்கு வழி வகுத்தவர். அவர் முதலில் டெஃப்லான் கிண்ணங்களை வைத்தார். அவை விரைவில் தேய்ந்து தோல்வியுற்றன. மனந்தளராமல் 1962 நவம்பரில் உறுதிமிக்க பாலிஎதிலீன் கிண்ணத்துக்கு மாறினார். உராய்வு குறைய வேண்டுமென்று பந்தை 22 மில்லிமீட்டர் அளவுக்குச் சிறிதாக்கினார். தசையின் நெம்புகோல் வலுவையும் அவர் மறக்கவில்லை. கிண்ணத்தைச் சற்று உள்ளே தள்ளி, தசை பற்றும் எலும்பை வெளிப்புறம் நகர்த்திப் பொருத்தினார். இன்று அவ்வாறு எலும்பை வெட்டி நகர்த்துவது வழக்கமாக இல்லை. தண்டுகளும் பந்துகளும் பல அளவுகளில் கிடைப்பதால், அவரவருக்குப் பொருந்துவதைத் தேர்ந்துகொள்ள முடிகிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அம்மாவின் இடது மூட்டும் தேய்ந்தது. இம்முறை வேறு மருத்துவரிடம் சென்றோம். கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். அவர் சினம் கொள்ளவில்லை. எக்ஸ்ரே படம் எலும்பைப் பெரிதாகக் காட்டும் என்பதால், அளவு தெரிந்த ஓர் உலோகக் குண்டைத் தொடையருகே வைத்துப் படம் எடுக்கச் செய்தார். கம்ப்யூட்டர் திரையில் அந்தப் படத்தின் மேல் தண்டின் உருவத்தை வைத்துக் காட்டினார். "இரண்டு சென்டிமீட்டரில் ஒரு பகுதி இடக்கால் தேய்ந்து குட்டையானதால் வந்தது. அதை இயல்பான அளவுக்குக் கொண்டுவந்தாலே வேற்றுமை பெரிதும் குறையும். ஆனால் அம்மா, மூட்டின் உறுதிதான் முதலில். நீளம் அதற்கு அடுத்தது. மில்லிமீட்டர் பிசகாமல் வைப்பேன் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன்" என்றார். அந்த நேர்மையான சொல்லிலேயே எங்களுக்கு நம்பிக்கை பிறந்தது.

இதில் மருத்துவரின் இடர்ப்பாட்டையும் நாம் உணர வேண்டும். தசை தளர்ந்து மூட்டு நழுவும்போல் இருந்தால், சற்று நீளம் கூட்டியேனும் உறுதி தேட நேரும். பிறவியிலேயே எலும்பு கோணியவர்களுக்கு இயல்பான அளவு முழுவதும் திரும்பாமலும் போகலாம். ஒரு சென்டிமீட்டருக்குட்பட்ட வேற்றுமை பலரைத் துன்புறுத்துவதில்லை. பல காலம் குட்டையாயிருந்த கால் சமமான பிறகும், சில மாதம் நீண்டதுபோல் தோன்றும். எட்டு ஆண்டுகளுக்கு முன் எங்களுக்கும் எவரேனும் இவற்றை எடுத்துச் சொல்லியிருந்தால் மனம் இவ்வளவு நொந்திராது.

ஆகவே உங்களுக்கு ஒரு வேண்டுகோள். வலி தாங்கும் மட்டும் தாங்கட்டும் என்று பெரியவர்களை விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் செல்லும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். இப்போது இரு கால்களுக்கும் எவ்வளவு வேற்றுமை? அறுவைக்குமுன் அளவுகளை எப்படிக் கணிப்பீர்கள்? பிறகு இடுப்புத் தசைக்கு என்ன பயிற்சி, எத்தனை நாள்? கேட்பது அவமதிப்பு ஆகாது. ஒரு பார்சலை எடை போடாமல் நான் ஏற்பதில்லை. பெற்ற தாயின் காலுக்கு அளவு கேட்க அன்று ஏன் தயங்கினேன் என்பது எனக்கே இன்றும் விளங்கவில்லை.

அம்மாவின் கால்களுக்கு இப்போது அரை சென்டிமீட்டர்கூட வேற்றுமை இல்லை. செருப்புக் கட்டையைக் கழற்றிவிட்டோம். இன்று மாலை எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து இந்த மண்டபம் வரை என் கையைப் பற்றாமல் நடந்தே வந்தார்கள். அதோ, முதல் வரிசையில் அமர்ந்து, போதும் நிறுத்து என்று கையசைக்கிறார்கள். தாய்சொல்லைத் தட்டாமல் என் உரையை முடித்துக்கொள்கிறேன்.