ஒலியும் அனல் தாரையும்
(செம்பாக்கத்தில் பேசியது)



யாகத் தீ மந்திர ஓசைக்குக் கட்டுப்படும் என்பதாக நமக்குச் சொல்லி வந்தார்கள். எந்த ஓசைக்கு, எவ்வளவு என்று நாம் கேட்டால் பதிலில்லை.

நம் தலைக்கு மேல் பறக்கும் ஜெட் விமானத்தைக் கவனியுங்கள். பின்னால் சீறும் அனல் தாரை வெளிக்காற்றோடு கலக்கும்போதே பேரிரைச்சல் எழுகிறது. அந்தக் கலப்பை ஒலியாலேயே மாற்றலாம். 1971-இல் க்ரோ, ஷாம்பேன் என்ற இருவர், வினாடிக்கு இத்தனை அதிர்வு என்று கணக்கிட்டு, ஒரு காற்றுத் தாரைக்கு ஒலிபெருக்கியால் ஒலி கொடுத்தார்கள். சுழல்கள் திரண்டன, வெளிக்காற்று அதிகமாகக் கலந்தது. கணக்குத் தவறினால் பலனும் குறைந்தது. பின்னர் சூடான அதிவேகத் தாரைகளிலும் இதைச் சோதித்தார்கள்.

ஒலிபெருக்கிக்குக் கோத்திரம் உண்டா? யார் அளந்து செய்தாலும் பலன் ஒன்றே. நாளை ஒருவர் வந்து, “எங்கள் மந்திரமும் இதுதான்” என்றால், அளந்து காட்டும்படி கேளுங்கள்!