டார்வின் என்ற அப்பா

1838-ஆம் ஆண்டு. லண்டனில் இருந்த 29 வயது இளைஞர் ஒருவர், கல்யாணம் செய்துகொள்ளலாமா வேண்டாமா என்று தாளில் எழுதிக் கணக்குப் போட்டுப் பார்த்தார். செய்துகொண்டால் நேரம் போகும், புத்தகம் வாங்கக் காசு மிஞ்சாது, உறவினர் வீடுகளுக்குப் போய்வர வேண்டும். இது ஒரு பக்கம். மறுபக்கத்தில், பிள்ளைகள் பிறப்பார்கள், வயதான காலத்தில் பேச்சுத்துணை இருக்கும், எப்படியும் நாய் வளர்ப்பதைவிட மேல்! கடைசியில் ‘கல்யாணம்’ என்று மூன்று தடவை எழுதி முடிவு கட்டினார்.

அவர் சார்லஸ் டார்வின். 1839 ஜனவரி 29 அன்று எம்மா வெட்ஜ்வுட்டை மணந்தார். எம்மா அவருக்குத் தாய்மாமன் மகள்; நம் ஊர் வழக்கில் முறைப்பெண். பத்துப் பிள்ளைகள் பிறந்தன. 1842-இல் கென்ட் மாவட்டத்தில் டவுன் என்ற கிராமத்து வீட்டுக்குக் குடிபோனவர், அடுத்த நாற்பது ஆண்டுகள், சாகும்வரை, அங்கேயே இருந்தார்.

விக்டோரியா காலத்து அப்பாக்கள் கண்டிப்புக்குப் பேர்போனவர்கள். டார்வின் வீட்டில் கதை வேறு. அவருடைய படிப்பறைக்குள் பிள்ளைகள் நூல் வேண்டும், கத்தரிக்கோல் வேண்டும், சுத்தியல் வேண்டும் என்று வந்துகொண்டே இருப்பார்கள். பொறுமை எல்லை தொடும்போதுகூட, “இனிமேல் வராமல் இருக்க முடியுமா? இன்று நிறையத் தடவை வேலை தடைபட்டுவிட்டது” என்று கேட்பாராம், அவ்வளவுதான். நாலு வயது மகன் ஒருவன், வேலையை விட்டுவிட்டு விளையாட வந்தால் ஆறு பென்ஸ் தருகிறேன் என்று அப்பாவுக்கே லஞ்சம் பேசியிருக்கிறான். உடம்பு சரியில்லாத பிள்ளைக்குப் படுக்க இடம், அப்பா எழுதிக்கொண்டிருக்கும் அறையின் சோபா.

அந்த வீட்டில் சோபாவில் குதிக்கக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. ஒருநாள் குட்டிப் பையன் லெனார்ட் குதித்துக்கொண்டிருந்தபோது அப்பா உள்ளே வந்துவிட்டார். “லென்னி, இது சட்டத்துக்கு விரோதம் இல்லையா?” என்றார். “அப்படியானால் நீங்கள் வெளியே போய்விடுவது நல்லது அப்பா” என்று பதில் வந்தது. உலகத்தையே எதிர்த்து நிற்கும் பரிணாமக் கொள்கையை வைத்திருந்தவரின் அதிகாரம் வீட்டுக்குள் இவ்வளவுதான்.

வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் என்று அவர் பிரித்து வைத்ததும் இல்லை. மூத்த மகன் வில்லியம் பிறந்ததும் அவன் அழுகை, சிரிப்பு, கோபம் எல்லாவற்றையும் குறித்து வைத்தார். 1877-இல் அது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. கப்பலடியில் ஒட்டிக்கொள்ளும் பர்னக்கிள் என்ற கடல் உயிரியை எட்டு ஆண்டுகள் அறுத்துப் பார்த்தார். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி, “அவர் எந்த இடத்தில் பர்னக்கிள் வேலை செய்வார்?” என்று கேட்டதாம். பம்பிள்பீ என்ற பருத்த தேனீக்களில் ஆண்கள் ஒரே தடத்தில் பறந்து, குறிப்பிட்ட இடங்களில் நின்று ரீங்காரமிடும். அந்த இடங்களில் ஐந்தாறு பிள்ளைகளை ஆளுக்கொரு மூலையாக நிறுத்தி, தேனீ வந்ததும் கத்தச் சொல்லித் தடத்தைக் கண்டுபிடித்தார். மண்புழுக்களுக்குக் காது கேட்குமா என்று பார்க்க மகன் பிரான்சிஸ் பஸூன் என்ற குழலை ஊதினார், எம்மா பியானோ வாசித்தார். புழுக்கள் அசையவில்லை. புழுக்கள் இருந்த தொட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து வாசித்ததும், அதிர்வை உணர்ந்து வளைக்குள் ஓடின.

மூக்குப்பொடி போடும் பழக்கம் அவருக்கு உண்டு. குறைத்துக்கொள்ள வேண்டும் என்று ஜாடியைத் தூரத்தில், கூடத்து மேசையில் வைத்துவிட்டார். மகள் ஆனி அதிலிருந்து ஒரு சிட்டிகையைத் திருடி எடுத்துக்கொண்டு, முகமெல்லாம் பூரிப்பாக அப்பாவிடம் ஓடி வருவாள். அந்த ஆனி 1851 ஏப்ரல் 23 அன்று மால்வெர்ன் ஊரில், பத்து வயதில் இறந்துபோனாள். எம்மா நிறைமாதக் கர்ப்பிணி, வர முடியவில்லை. படுக்கையருகே இருந்தவர் அப்பாதான். நாளுக்கு நாள் நிலைமையை மனைவிக்குக் கடிதமாக எழுதினார். ஒரு வாரம் கழித்து, அவள் முகம் மறந்துவிடக் கூடாது என்று உட்கார்ந்து எழுதிய குறிப்பில் அந்தப் பொடிச் சிட்டிகையும் இருக்கிறது.

1858 ஜூன் 28 அன்று ஒன்றரை வயதுக் கடைக்குட்டியும் போனான். மூன்றாம் நாள், ஜூலை 1, லண்டன் லின்னேயன் சங்கத்தில் டார்வின், இன்னொரு இயற்கையியலாளரான வாலஸ் இருவரின் இயற்கைத் தேர்வுக் கருத்துகள் முதன்முதலாக வாசிக்கப்பட்டன. உயிரியல் வரலாற்றில் பெரிய நாள். டார்வின் அங்கே இல்லை.

பிள்ளைகளின் சீக்குக்குத் தங்கள் சொந்தக்காரத் திருமணம்தான் காரணமோ என்ற கவலை அவரை விடவில்லை. 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதைப் பற்றி ஒரு கேள்வி சேர்க்கும்படி நண்பர் வழியாக நாடாளுமன்றத்தில் கேட்டுப் பார்த்தார், மறுத்துவிட்டார்கள். பிறகு மகன் ஜார்ஜ் புள்ளிவிவரங்களைத் திரட்டி அந்த ஆய்வைச் செய்தார். அத்தை மகள், மாமன் மகன் உறவு இன்றும் தொடரும் நம் வீடுகளுக்கு இந்தக் கவலை அந்நியமானதல்ல.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. அப்பா தந்த சொத்து இருந்தது, சம்பளத்துக்கு ஓட வேண்டியதில்லை, வேலையாட்கள் இருந்தார்கள், ஓயாத வயிற்றுக்கோளாறுக்காரரைக் கவனித்துக்கொள்ள எம்மா இருந்தார். எல்லா நல்ல அப்பாக்களுக்கும் இந்த வசதி வாய்ப்பதில்லை. அந்த அம்மையார் கடவுள் நம்பிக்கை உள்ளவர். கணவரின் நம்பிக்கை கரைவதைக் கண்டு மனம் நொந்து எழுதிய கடிதத்தை டார்வின் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார். கருத்து வேற்றுமை தீரவில்லை, ஆனால் ராத்திரிதோறும் பகடை உருட்டி பேக்கேமன் ஆடுவது நிற்கவில்லை. 1876-இல் நண்பருக்குக் கணக்கே எழுதினார்: எம்மா வென்றது 2,490, தான் வென்றது 2,795. வெற்றிக் கூச்சலும் அந்தக் கடிதத்தில் உண்டு!

1882 ஏப்ரல் 19 அன்று இறந்தார். ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யவே குடும்பம் நினைத்தது. நாடு அவரை வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக்கு எடுத்துக்கொண்டது.

அவர் எழுதிய ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் கையெழுத்துப் படியில் பெரும்பகுதி இன்று இல்லை. அச்சுக்குப் போய்வந்த தாள்களை அவர் பெரிதாக நினைக்கவில்லை. தப்பிய தாள்களில் சில, பிள்ளைகள் பின்பக்கத்தில் படம் வரைந்ததால் தப்பியவை. காய்கறிகள் மேல் ஏறிச் சண்டை போடும் போர்வீரர்கள் படம்கூட அவற்றில் உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கும் அந்தத் தாள்களை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் வீட்டில் கண்ட தாளிலெல்லாம் கிறுக்குகிற பிள்ளை இருந்தால், பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டுங்கள்.