பெரிய ஓட்டலும் நம்ம சென்னைப் பயணமும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதிலிருந்து)



சென்னைக்குக் கண்டுணர் பயணம் போவது பற்றிப் போன கூட்டத்தில் பேசினோம். அப்போ ஒரு அக்கா, "மேடம், பெரிய ஓட்டல்ல எல்லாம் நம்மள உள்ள விடுவாங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். ஆனா அது சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை. இன்னைக்கு அதற்குப் பதில் சொல்கிறேன்.

சென்னையில் அண்ணா சாலைக்குப் பக்கத்தில் கன்னிமாரா என்று ஒரு ஓட்டல் இருக்கு. பேரைக் கேட்டதும் நமக்கு ஏரிக்கரை கன்னிமார் சாமி ஞாபகம் வரும். அது வேறு, இது வேறு. 1886 முதல் 1890 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்த வெள்ளைக்காரப் பிரபுவின் பேர் இது. 1854-ல் இம்பீரியல் ஓட்டல் என்று ஆரம்பித்தது, 1890-ல் இந்தப் பேருக்கு மாறியது. இப்போது தாஜ் நிறுவனம் நடத்துகிறது. புனித ஜார்ஜ் கோட்டை, எழும்பூர் அருங்காட்சியகம் இரண்டுக்கும் அங்கிருந்து சீக்கிரம் போய்விடலாம். ஊர் பார்க்க வருகிற வசதியானவர்கள் அங்கே தங்குவார்கள்.

நம்மை உள்ளே விடுவார்களா? அரசியலமைப்புச் சட்டம் 15-வது பிரிவு என்ன சொல்லுது? மதம், இனம், ஜாதி, ஆண் பெண், பிறந்த இடம் இதையெல்லாம் காரணம் காட்டி கடை, உணவகம், ஓட்டல் எதிலும் யாரையும் தடுக்கக் கூடாது. இரட்டை டம்ளரைப் பற்றித் தெரிந்த நமக்கு இதன் அருமை புரியும். ஆக, பிறப்பு நம்மைத் தடுக்காது. தடுப்பது பணம். அதைக் குழுவில் போடுகிற மாதிரி கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு நாள் அறை வாடகை 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 7,500-க்கு மேல் போனால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். வரி மட்டும் 1,440. மொத்தம் 9,440 ரூபாய். இருபது பேர் உள்ள குழுவில் ஆளுக்கு மாதம் 100 ரூபாய் கட்டினால், இது கிட்டத்தட்ட ஐந்து மாதச் சேமிப்பு. ஒரே ராத்திரியில் போய்விடும்! 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு 2025 செப்டம்பரிலிருந்து வரி 5 சதவீதம்தான். எங்கே தங்கினாலும் சரி, "வாடகை வரியோடு சேர்த்தா, வரி தனியா?" என்று முதலில் கேளுங்க. அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

சாப்பாட்டு பில்லில் 'சேவைக் கட்டணம்' என்று தானாகச் சேர்த்தால், எடுத்துவிடச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. இதற்கான விதிமுறை 2022-ல் வந்தது. 2025-ல் தில்லி உயர்நீதிமன்றமும் அது சரி என்று தீர்ப்புச் சொன்னது. மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம்.

இன்னொரு விஷயம். அதே பிரபு பேரில் எழும்பூரில் 1896-ல் திறந்த கன்னிமாரா பொது நூலகம் இருக்கு. அங்கே உட்கார்ந்து படிக்கக் காசு இல்லை. பக்கத்திலேயே 1851-ல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம். சோழர் காலச் செப்புத் திருமேனிகளை அங்கே பார்க்கலாம். ராஜராஜ சோழனைப் பெற்ற வானவன் மாதேவி நம்ம திருக்கோவிலூர் மலையமான் வீட்டுப் பெண் அல்லவா? அதனால் அங்கே போகும்போது அந்நிய இடம் என்று நினைக்காதீங்க. வெள்ளிக்கிழமை விடுமுறை.

தங்குவது என்றால் நம்ம ஊருக்கே ஒரு கதை உண்டு. மழை ராத்திரியில் முதலாழ்வார்கள் மூன்று பேர் இங்கே ஒரு இடைகழியில் ஒண்டினார்கள். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம். அவ்வளவுதான் இடம். ஆனாலும் மூன்றாவதாக வந்தவரை வெளியே போகச் சொல்லவில்லை.

நாம சுத்தமான தண்ணீர், கழிப்பறை, உள்ளே தாழ்ப்பாள் உள்ள சிக்கனமான விடுதியில் தங்குவோம். பெரிய ஓட்டலில் ஒரு காபி குடிக்க ஆசைப்பட்டால் தைரியமாக உள்ளே போய் விலைப்பட்டியலைக் கேளுங்க. கட்டுப்படியாகலைன்னா எழுந்து வந்துடலாம். அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

எத்தனை பேர் வருகிறீர்கள், ஆளுக்கு எவ்வளவு செலவு செய்யலாம் என்று அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொரு குழுவும் தீர்மானம் எழுதிக் கொண்டு வாங்க.