வாயில்லா உயிரின் நோயும் நம் கடமையும்

(கரக்பூரில் நடைபெற்ற தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

காலை முதல் இம்மேடையில் அறிஞர்கள் இலக்கியம் பேசினார்கள். இளைஞர்கள் இசை பொழிந்தார்கள். இரயில்வே சரக்கு அலுவலகத்தில் பதிவேடு எழுதிப் பழகிய, பள்ளி இறுதி வகுப்போடு படிப்பு நின்றுபோன கைக்கு அத்தகைய பொருள்கள் எட்டா. ஆகவே, பயனுள்ளது ஏதேனும் பேசுக என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது, எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்ல முன்வந்தோம். பூனையைப் பற்றிய பேச்சா என்று சிலர் நகைக்கலாம். தொல்காப்பியர் மரபியலில், குட்டி என்ற பெயருக்கு உரிமையுடைய உயிர்களுள் வெருகையும் சேர்த்தே எண்ணினார். இலக்கணம் இடம் கொடுத்த உயிருக்கு இச்சங்கமும் பத்து நிமிடம் இடம் கொடுக்கும் என்று நம்புகிறோம்.

2006-ஆம் ஆண்டு மழைக்காலத்தில், அலுவலகப் பழைய பதிவேட்டு அறையில் தாயை இழந்து கத்திக்கொண்டிருந்த குட்டியொன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். உடலில் மஞ்சள் திட்டுகள் இருந்தமையால் பொன்னி என்று பெயரிட்டோம். எங்கள் மகள் தவழ்ந்ததும், பள்ளி சென்றதும், கல்லூரி சேர்ந்ததும் பொன்னியின் கண் முன்னேதான். அடுத்த வீட்டு வங்காளத்து மூதாட்டியை நாங்கள் மாஷிமா என்று அழைப்போம். பூனை ஷஷ்டி தேவியின் ஊர்தி, குழந்தை உள்ள வீட்டில் அதற்குக் குறை வைக்கலாகாது என்று அந்த அம்மையார் அடிக்கடி சொல்வார். பூனை குறுக்கே போனால் திரும்பிவந்து தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படும் ஊரில் பிறந்த எங்களுக்கு அது புதிய பாடம்.

2021-ஆம் ஆண்டில், பொன்னிக்கு வயது பதினைந்து ஆனபோது, தண்ணீர்க் கிண்ணம் அடிக்கடி காலியாயிற்று. சிறுநீரும் மிகுந்தது. முன்னிலும் அதிகமாக உண்டது. எனினும் முதுகெலும்பு தெரியும்படி இளைத்தது. நுனிக்காலில் நடக்கும் இயல்புடைய அது, பின்னங்கால்களின் குதிமூட்டைத் தரையில் பதித்து நடக்கலாயிற்று. முதுமை என்று எண்ணி இரண்டு மாதம் வாளாவிருந்தோம். அது எங்கள் முதல் பிழை. முதுமை ஒரு நோயன்று. நோய்தான் முதுமையின் போர்வைக்குள் ஒளிந்துகொள்கிறது.

இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருப்பதாகக் கால்நடை மருத்துவர் கூறினார். ஆயினும் அவர் உடனே மருந்து எழுதவில்லை. அச்சத்தினாலேயே பூனையின் இரத்தச் சர்க்கரை 300 மில்லிகிராம் வரை ஏறக்கூடுமாம். எனவே சிறுநீரையும் சோதித்து, சில வாரங்களின் சராசரியைக் காட்டும் புருக்டோசமின் சோதனையும் செய்வித்து, அதன் பின்னரே நீரிழிவு என்று உறுதி செய்தார். பூனைக்கு வரும் நீரிழிவு, நடுவயது மனிதருக்கு வருவதை ஒத்தது. மாவுப்பொருள் குறைந்த, புரதம் மிகுந்த உணவு வேண்டும். பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை இன்சுலின் ஊசி வேண்டும். தொடக்கத்திலேயே கண்டு பேணினால் சில பூனைகளுக்கு ஊசியே தேவையற்றுப் போவதும் உண்டு. பொன்னிக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை.

ஈண்டு ஒரு வரலாற்றை நினைவுகூர்தல் தகும். 1921-ஆம் ஆண்டில் கனடா நாட்டு டொரான்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்னும் இருவர் நாய்களைக்கொண்டு செய்த ஆராய்ச்சியின் பயனே இன்சுலின். 1922 ஜனவரியில் லியோனார்டு தாம்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. பின்னர் அறுபது ஆண்டுக்காலம் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையங்களிலிருந்தே உலகம் இன்சுலினைப் பெற்றது. நுண்ணுயிர்களைக்கொண்டு ஆக்கிய மனித இன்சுலின் 1982-இல்தான் விற்பனைக்கு ஒப்புதல் பெற்றது. விலங்குகள் தந்த உயிரால் நம் வீட்டுப் பெரியவர்கள் எத்தனை பேர் வாழ்ந்தார்கள்! ஒரு பூனைக்கு ஊசி போடுவது வீண்செலவு என்று எங்களிடம் சொன்ன நண்பர்களுக்கு நாங்கள் கூறிய மறுமொழி இதுவே: இது செலவன்று, பழைய கடனில் ஒரு சிறு தவணை.

இனி எங்கள் இரண்டாம் பிழையைச் சொல்லுகின்றோம். பிறருக்குப் பயன்படும் என்பதால் வெட்கத்தை விட்டுச் சொல்லுகின்றோம். பொன்னிக்கு எழுதப்பட்ட இன்சுலின், ஒரு மில்லிலிட்டரில் 100 அலகு உடையது. நம் நாட்டில் 40 அலகு உடைய மருந்தும் பெருவழக்காக உள்ளது. இரண்டிற்கும் ஊசிக்குழல் வேறு. 40-க்கு உரியது சிவப்பு மூடி, 100-க்கு உரியது ஆரஞ்சு மூடி. ஒருநாள் ஆரஞ்சு மூடி தீர்ந்தது. குடும்பத்தலைவர் என்று பெயர் பெற்றவரே சிவப்பு மூடி வாங்கிவந்தார். கோடு ஒன்றுதானே என்று ஓர் அலகு ஏற்றினார். உண்மையில் உட்சென்றது இரண்டரை அலகு. நாள்தோறும் எடைக் கணக்குச் சரிபார்க்கும் கண்ணுக்கு இந்தக் கணக்குத் தெரியவில்லை!

சில மணி நேரத்தில் பொன்னி தள்ளாடியது, சுவரில் மோதியது, பின் விழுந்து வலிப்புற்றது. மாஷிமா ஓடிவந்து தேனை விரலில் தொட்டு ஈறுகளில் தடவினார். விழுங்க இயலாத உயிரின் வாயில் எதையும் ஊற்றலாகாது, புரையேறிவிடும் என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். காதோரத்தில் குத்தி எடுத்த ஒரு துளி இரத்தம் சர்க்கரை 38 என்று காட்டியது. மருத்துவர் வந்து குளுக்கோஸ் ஏற்றினார். விடியற்காலையில் பொன்னி கண் திறந்தது. தவறிழைத்த கையையே நக்கியது. அன்று அந்த வீட்டில் யாரும் யாரையும் பார்த்துப் பேசவில்லை.

மறுநாளே ஒரு குறிப்பேடு தொடங்கினோம். நேரம், உண்ட அளவு, சர்க்கரை, அலகு, ஊசி போட்டவர் கையொப்பம் என்று ஐந்து பத்திகள். உண்ணாத வேளையில் கேளாமல் ஊசி இல்லை. கையொப்பம் இருந்தால் இரண்டாம் ஊசி இல்லை. இரவுப் பணி வந்தால் மாஷிமா வங்காள எழுத்தில் ஒப்பமிடுவார். இரயில் ஓட்டத்தைக் காப்பது பதிவேடு. அதுவே எங்கள் வீட்டில் ஓர் உயிரையும் மூன்றாண்டு காத்தது.

2024 டிசம்பரில், பதினெட்டு வயதைக் கடந்த நிலையில், பொன்னி உணவை மறுத்தது, வாந்தி எடுத்தது, மூச்சில் நகப்பூச்சு அழிக்கும் மருந்தின் வாடை வீசியது. இன்சுலின் போதாமல், உடல் தன் கொழுப்பையே எரித்து இரத்தத்தை அமிலமாக்கும் கொடிய நிலை அது. இரவோடிரவாக வண்டி அமர்த்தி, ஏறத்தாழ 115 கிலோமீட்டர் கடந்து கொல்கத்தா சென்றோம். ஐந்து நாள் உப்புநீர் ஏற்றி, பொட்டாசியத்தை அளந்து அளந்து, இன்சுலினைச் சிறுகச் சிறுகக் கொடுத்து மீட்டார்கள். ஆனால் சிறுநீரகங்கள் தளர்ந்துவிட்டன என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

அதன்பின் தோலடியில் நீர் செலுத்தவும் கற்றோம். கோழியை வேகவைத்து, வெங்காயமும் பூண்டும் சேராமல், இளஞ்சூட்டில் விரலால் ஊட்டினோம். அவை இரண்டும் பூனைக்கு நஞ்சு. நாம் காய்ச்சலுக்கு உண்ணும் பாரசிட்டமாலும் அவ்வாறே. ஒரு மாத்திரையே உயிரைக் குடித்துவிடும். இதை மட்டுமேனும் நினைவிற் கொள்ளுங்கள்.

மார்ச்சு மாதத்தில் மருத்துவர் எங்களை அமர்த்தி மூன்று வினாக்கள் கேட்டார். தானாக உண்கிறதா? தன் உடலை நக்கித் தூய்மை செய்கிறதா? உங்களைத் தேடி வருகிறதா? மூன்றுக்கும் இல்லை என்றே சொல்ல வேண்டியிருந்தது. நோவின்றி உறங்கவைத்து அனுப்பலாம் என்றார். எங்கள் வீட்டில் பெரும் போராட்டம் எழுந்தது. பூனையைக் கொன்றவன் பொன்னால் பூனை செய்து தானம் தரவேண்டும் என்று சொல்லி வளர்த்த குடும்பம் எங்களுடையது. ஊரிலிருந்து பாட்டியார் தொலைபேசியில், "உயிரைக் கொடுத்தவன் எடுப்பான், நீங்கள் யார்?" என்றார். மகள் அழுதாள். இரண்டு நாள் முடிவெடுக்க இயலவில்லை.

மாஷிமாதான் முடிச்சை அவிழ்த்தார். "நான்காண்டு ஊசி போட்டது யாருக்காக?" என்று கேட்டார். பொன்னிக்காக என்றோம். "இந்த இரண்டு நாள் போடுவது?" என்றார். எங்களிடம் விடை இல்லை. அந்த இரண்டு நாள் எங்களுக்காக என்பது அனைவருக்கும் விளங்கியது. பாட்டியாரிடம் அதையே சொன்னோம். நெடுநேரம் மௌனமாயிருந்து, "துளசித் தீர்த்தம் ஒரு துளி உதட்டில் தடவுங்கள்" என்றார்.

மறுநாட் காலை மருத்துவர் வீட்டுக்கே வந்தார். முதலில் மயக்க மருந்து. மகளின் மடியில் உறங்கிற்று. பின்னர் இரண்டாவது ஊசி. குறிப்பேட்டின் கடைசி வரியில் நேரத்தை எழுதினோம். ஒப்பமிட வேண்டிய இடத்தில் அனைவரும் ஒப்பமிட்டோம். அந்தச் சுமையை ஒருவர் தலையில் ஏற்றுவது முறையன்று.

அன்பர்களே! நாங்கள் செய்தது சரியா என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். இரு பிழைகளும் செய்தோம், அவற்றை மறைக்கவில்லை. ஆனால் வாய் திறந்து நோவு சொல்ல இயலாத உயிரைப் பேணுகிறவர், அதன் நடையையும் உணவையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் நாள்தோறும் படிக்கக் கற்றுவிடுகிறார். அந்தப் படிப்பு பூனையோடு முடிந்துவிடுவதில்லை. தம் நோயைச் சொல்லத் தயங்கும் முதியவர்கள் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கிறார்கள். மாஷிமாவுக்கும் இந்த ஆடியில் நீரிழிவு கண்டது. தண்ணீர்ச் சொம்பு அடிக்கடி காலியாவதைக் கண்டு சொன்னவள் எங்கள் மகள். இப்போது அதே குறிப்பேட்டில் புதிய பக்கம் திறந்திருக்கிறோம். அதில் தமிழ் எழுத்தில் ஒப்பமிடுவோர் நாங்கள்.